நினைவிலிருந்து வரைந்த வீடு: தவறுகளை எப்படிப் பார்ப்பது?

கேள்வி, சுருக்கமாக: வீடும் நினைவும் என்ற பொருளில் நடந்த ஓர் ஓவியக் கண்காட்சியைப் பார்த்தேன். எல்லாப் படங்களும் மங்கலாக, கரைந்துபோன மாதிரி இருந்தன. "நினைவு நம்பத்தகாதது" என்று சுவரில் எழுதியிருந்தார்கள். நம்பத்தகாதது என்றால், அதை வைத்து வரைந்த வீட்டை நான் எதற்காகப் பார்க்க வேண்டும்? அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? விற்றுப்போன எங்கள் தாத்தா வீட்டை நானும் வரைந்து பார்க்கலாம் என்று இருக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

பதில்:

சுவரில் எழுதியிருந்தது சரிதான். எனக்கு உடன்பாடில்லாதது அந்த மங்கலில்தான்.

நினைவைப் பற்றி வரைகிறவர்களில் நிறையப் பேர் ஒரே வழியைப் பிடித்துக்கொள்கிறார்கள். விளிம்புகளைக் கரைத்துவிடுவார்கள், வண்ணத்தை வழியவிடுவார்கள், முகங்களைத் துடைத்துவிடுவார்கள். பார்த்தவுடனே "ஓ, பழைய ஞாபகம்" என்று நமக்குப் பிடிபட்டுவிடும். ஆனால் மறந்துபோவது வேறு, தப்பாக நினைவில் இருப்பது வேறு. மறந்தது மங்கும். தப்பாக நினைவில் இருப்பது மங்குவதே இல்லை. நிறம் தெரியும், சத்தம் கேட்கும், சத்தியம் செய்யச் சொன்னால் தயங்காமல் செய்வோம். நினைவு நம்பத்தகாதது என்பதை ஒருவர் ஓவியத்தில் காட்ட வேண்டுமானால், அவர் காட்ட வேண்டியது இந்தத் தெளிவைத்தான்.

இதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்பட்ட 73 விநாடிகளில் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையிலேயே உல்ரிக் நைஸர், நிக்கோல் ஹார்ஷ் என்ற உளவியலாளர்கள் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், அந்தச் செய்தியை எங்கே, யாரோடு இருக்கும்போது, எப்படிக் கேள்விப்பட்டார்கள் என்று எழுதி வாங்கி வைத்தார்கள். சுமார் இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டார்கள். பதினொரு பேருக்கு முக்கியமான விவரம் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஏழு மதிப்பெண்ணுக்குச் சராசரி மூன்றைக்கூடத் தொடவில்லை. ஆனால் "உங்கள் நினைவு எவ்வளவு உறுதி?" என்ற கேள்விக்கு ஐந்துக்குச் சராசரி நான்குக்கும் மேல். அவர்களே எழுதிய பழைய தாளைக் கையில் கொடுத்த பிறகும் முதல் நினைவு திரும்பி வரவில்லை. அந்த இடத்தை வேறொன்று பிடித்துக்கொண்டு விட்டது, அதுவும் முழுத் தெளிவோடு.

மங்கலாக வரைவதே கூடாது என்று சொல்லவில்லை. ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 1965ல் தன் குடும்பப் புகைப்படங்களை வைத்து வரைந்த படங்கள் இருக்கின்றன. ராணுவச் சீருடையில் சிரித்துக்கொண்டு நிற்கும் மாமா ரூடி ஒன்று. நாஜிகளின் 'கருணைக்கொலை'த் திட்டத்தில் உயிரிழந்த சித்தி மரியானே, கைக்குழந்தையாக இருக்கும் ரிக்டரோடு இருப்பது இன்னொன்று. ஈர வண்ணத்தின் மேல் தூரிகையை இழுத்து இழுத்து அவற்றை மங்கலாக்கினார். அங்கே மங்குவது புகைப்படம். ஒரு குடும்பம் பேசாமல் வைத்திருந்ததை அந்த மங்கல் மூடுகிறது. அதற்கு அங்கே வேலை இருக்கிறது. வேலை இல்லாத மங்கல் வெறும் அலங்காரம். நீங்கள் பார்த்தது எந்த வகை என்று எனக்குத் தெரியாது. அடுத்த முறை இந்தக் கேள்வியோடு பாருங்கள்.

சரி, "எதற்காகப் பார்க்க வேண்டும்" என்பதற்கு வருகிறேன். இதற்கு எனக்குத் தெரிந்து மிக நல்ல விடையைக் கொடுத்த கண்காட்சி 1988ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது. இடம் ஓவியக் கூடம்கூட இல்லை, எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகம். அணுகுண்டை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி, இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969ல் தொடங்கியது. நினைவைப் பற்றி அங்கே நடந்த காட்சியில் ஃபிராங்கோ மன்யானி என்பவரின் ஓவியங்களை வைத்தார்கள்.

மன்யானி 1934ல் இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் பொன்டிட்டோ என்ற மலைக் கிராமத்தில் பிறந்தவர். செங்குத்தான சரிவு, கல் வீடுகள், கல் படிகள், உச்சியில் தேவாலயம், சுற்றிலும் செஸ்ட்நட் காடு. அவருக்கு எட்டு வயதில், 1942ல், அப்பா இறந்துபோனார். அடுத்த வருடம் ஜெர்மன் படை வந்தது. ஊர்க்காரர்கள் வெளியேற்றப்பட்டார்கள். திரும்பி வந்தபோது வீடுகளும் படிக்கட்டு வயல்களும் சேதமாகிக் கிடந்தன. 1958ல் மன்யானி ஊரைவிட்டுப் போனார். கப்பலில் சமையல் வேலை, பிறகு அமெரிக்கா. அறுபதுகளின் நடுவில் சான் ஃபிரான்சிஸ்கோவில் தங்கிவிடத் தீர்மானித்த நேரத்தில் கடுமையான காய்ச்சலில் விழுந்தார். உடல் இளைத்தது, பிதற்றல் வந்தது. அப்போதுதான் கனவு தொடங்கியது. இரவுக்கு இரவு பொன்டிட்டோ. அதில் கதையோ சம்பவமோ இல்லை. ஊர் மட்டும் கல் கல்லாக வந்து நின்றது. எழுந்ததும் அதை வரைய வேண்டும் என்ற வேகம். முறையாக ஓவியம் படித்தவர் இல்லை. வரைய ஆரம்பித்தவர் பல வருடம் அந்த ஒரே ஊரைத்தான் வரைந்தார்.

பகலிலும் காட்சிகள் வரும். தலையை வலப்பக்கம் திருப்பினால் தெருவின் வலப்பக்கம் தெரியும், இடப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம். தேவாலய மணி கேட்கும், ஊரின் வாசனை வரும். இதை நேரில் கண்டு விரிவாக எழுதியவர் நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ். மூளையின் பொட்டுப் பகுதியில் ஏற்படும் ஒருவகை வலிப்பு நிலை காரணமாக இருக்கலாம் என்று அவர் யோசித்தார். இருக்கலாம். ஆனால் மூளையில் எது தூண்டியது என்று தெரிந்தாலும், அந்த ஊரை அவர் ஏன் இந்த விதமாக நினைவில் வைத்திருந்தார் என்பதற்கு அது விடையாகாது. கண்காட்சி அந்த இரண்டாவது கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது.

அவர்கள் செய்த காரியம் எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்தது. சூசன் ஷ்வார்ட்ஸன்பர்க் என்ற புகைப்படக் கலைஞர் பொன்டிட்டோவுக்கே போனார். ஒவ்வொரு ஓவியமும் எந்த இடத்திலிருந்து பார்த்தது என்று தேடிக் கண்டுபிடித்து, அங்கே நின்று படம் எடுத்தார். கண்காட்சியில் ஓவியத்தையும் புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். வேறு விளக்கமே தேவைப்படவில்லை. முதலில் மலைப்பு வரும்: முப்பது வருடம் பார்க்காத ஊர், அப்படியே இருக்கிறதே! ஜன்னல் இருக்கும் இடத்தில் ஜன்னல், படி திரும்பும் இடத்தில் படி. பிறகு கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் வித்தியாசங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். என்னைப் பொறுத்தவரை கண்காட்சியே அங்கேதான் தொடங்குகிறது.

முதல் வித்தியாசம் அளவு. ஓவியத்தில் பல இடங்கள் நிஜத்தைவிடப் பெரியவை. படிகள் அகலம், சுவர்கள் உயரம், தேவாலயம் கம்பீரம். புகைப்படத்தில் அதே இடம் கொஞ்சம் சாதாரணமாக, குறுகலாக இருக்கிறது. ஒரு சிறுவனின் கண் மட்டத்துக்கு இறங்கிப் பார்த்தால் ஓவியம் பொருந்த ஆரம்பிக்கிறது. இதில் யோசிக்க ஒரு விஷயம் உண்டு. மன்யானி ஊரைவிட்டுப் போனபோது அவருக்கு இருபத்து நான்கு வயது. வளர்ந்த ஆளின் உயரத்திலிருந்து அதே தெருக்களைப் பல வருடம் பார்த்திருக்கிறார். அந்த உயரமும் அவர் நினைவில் இருந்திருக்க வேண்டும். வரையும்போது மேலே வந்தது சிறுவனின் உயரம். ஆக, படியின் அகலத்தை ஓவியத்தில் அளந்தால் படியைப் பற்றித் தப்பான தகவல் கிடைக்கும், ஆனால் எந்த வயதில் அந்தப் படி அவருக்குள் பதிந்தது என்பது துல்லியமாகக் கிடைத்துவிடும்.

இரண்டாவது வித்தியாசம் எனக்கு இன்னும் சுவாரசியமானது. சில ஓவியங்களுக்குப் புகைப்படக்காரரால் ஒற்றை இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கே நின்றாலும் ஒரு பகுதி பொருந்தும், இன்னொன்று பொருந்தாது. ஓவியத்தில் தெரியும் ஒன்று அந்த இடத்திலிருந்து பார்த்தால் மறைந்திருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நின்று பார்த்ததை மன்யானி ஒரே படத்தில் சேர்த்திருக்கிறார், அவருக்கே தெரியாமல். வெறும் பிழை என்று இதைத் தள்ளிவிட முடியாது. கேமரா ஓரிடத்தில் நிற்கும். மனிதர் தெருவில் நடக்கிறார், திரும்புகிறார், படி ஏறுகிறார். தினமும் நடந்த தெரு நினைவில் ஒரு கோணமாகத் தங்காது. மூலை திரும்பினால் என்ன வரும் என்பதும் அந்த நினைவுக்குள் அடக்கம். ஓவியம் அதையும் சேர்த்துக் காட்டிவிடுகிறது.

இந்தக் கண்காட்சி நடந்த மறு வருடம், 1989ல், ஹெலீன் இன்ட்ரோப், மைக்கேல் ரிச்சர்ட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதோடு நன்றாகப் பொருந்தும். நெருக்கமாக எடுத்த புகைப்படங்களை ஆட்களுக்குக் காட்டி, பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். வரைந்தவர்கள் படத்தின் சட்டகத்துக்கு வெளியே இருந்திருக்கக்கூடியதையும் சேர்த்து வரைந்தார்கள். படத்தில் வெட்டுப்பட்டிருந்த பொருள், வரைபடத்தில் முழுசாக வந்தது. தாங்கள் சேர்த்திருக்கிறோம் என்ற உணர்வே அவர்களுக்கு இல்லை. பார்த்ததோடு மூளை நின்றுவிடுவதில்லை, இடம் இன்னும் தொடர்கிறது என்று எடுத்துக்கொண்டு அதையும் பார்த்த கணக்கில் வைத்துவிடுகிறது. நிஜ உலகில் இடம் தொடரத்தானே செய்கிறது? இது நினைவின் நியாயமான ஊகம். நியாயமான ஊகம் என்பதால்தான் பிடிபடாமல் போகிறது.

மூன்றாவது, இல்லாதவை. மன்யானியின் பொன்டிட்டோவில் மனிதர்கள் இல்லை. தெரு இருக்கிறது, நடப்பவர் இல்லை. போருக்குப் பிந்தைய ஊரும் இல்லை. சேதமான வீடுகளை அவர் தன் கண்ணால் பார்த்தவர், அவற்றுக்கு நடுவே வளர்ந்தவர். ஆனாலும் வரைந்ததெல்லாம் 1943க்கு முந்தைய, ஒரு கல்கூடப் பெயராத பொன்டிட்டோ. அப்பாவின் மரணத்துக்கும் படை வந்ததற்கும் முன்னால் கடிகாரத்தை நிறுத்திவிட்ட ஊர். இதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் எதையும் திரித்துக் காட்டவில்லை, நினைவு எதைக் கொண்டுவந்து தந்ததோ அதை வரைந்தார். ஆனால் என்ன வரவில்லை என்பது அந்த மனிதரின் வாழ்க்கையில் எது எங்கே உடைந்தது என்று காட்டிவிடுகிறது.

உங்கள் கேள்விக்கு என் பதிலின் மையம் இதுதான்: இந்தத் தவறுகள் கண்டபடி நடந்தவை இல்லை. ஒவ்வொன்றும் ஒரு திசையில் சாய்கிறது, சாய்வுக்குக் காரணம் இருக்கிறது. வீடு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள நில அளவை வரைபடம் போதும். அந்த வீட்டில் ஒருவர் எப்படி இருந்தார் என்று தெரிந்துகொள்ள அளவையிலிருந்து ஓவியம் விலகும் இடங்களைப் பார்க்க வேண்டும்.

கண்காட்சிக்குப் பிறகு மன்யானி பொன்டிட்டோவுக்குத் திரும்பிப் போனார். ஆட்கள் குறைந்து, மாறிப்போன ஊர். திரும்பி வந்த பிறகு அவருக்கு வரைவது சிரமமாகிவிட்டது. புதிதாகப் பார்த்த பொன்டிட்டோ பழையதன் மேல் ஏறிக்கொண்டது. கொஞ்ச காலம் கழித்துத்தான் மறுபடி வரைய முடிந்தது. முப்பது வருடம் அந்த நினைவைக் காப்பாற்றியது தூரம்தான் என்று இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. நினைவு எடுத்துப் பார்க்கும்போதே மாறக்கூடியது என்பதற்கு ஆய்வகச் சான்றும் பிற்பாடு வந்தது. 2000ல் கரீம் நாடர், க்ளென் ஷாஃப், ஜோசஃப் லெடூ ஆகியோர் எலிகளிடம் காட்டினார்கள்: நன்றாகப் பதிந்துவிட்ட ஒரு பயத்தை நினைவூட்டிவிட்டு, உடனே மூளையின் குறிப்பிட்ட பகுதியில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினால், அந்தப் பயம் பெருமளவு போய்விடுகிறது. நினைவூட்டாமல் மருந்தை மட்டும் கொடுத்தால் ஒன்றும் ஆவதில்லை. மனித நினைவுக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது.

ஓவியர் மார்க் ஷகால் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. இன்றைய பெலாரூஸில் இருக்கும் வீட்டெப்ஸ்க் அவர் ஊர். பாரிஸுக்குப் போன மறு வருடமே, 1911ல், தலைகீழாக நிற்கும் வீடுகளோடு அந்த ஊரை வரைந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க வரைந்துகொண்டே இருந்தார். 1973ல் சோவியத் நாடு அழைத்தது. மாஸ்கோவுக்கும் லெனின்கிராடுக்கும் போனார், வீட்டெப்ஸ்குக்குப் போகவில்லை. ஐம்பது வருடத்துக்கும் மேலாக நெஞ்சில் வைத்திருந்த ஊரைப் பக்கத்தில் போயும் பார்க்காமல் வந்தவரை என்னால் முழுதாகப் புரிந்துகொள்ள முடிகிறது.

இப்போது எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். "நினைவு நம்பத்தகாதது" என்ற வாசகத்தைக் கண்காட்சிகள் இப்போது எளிதாகச் சுவரில் எழுதிவிடுகின்றன. அது எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. பொன்டிட்டோ நின்றுகொண்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய் ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஒப்பிடுவதற்கு ஊரே இல்லாதவர்களுக்கு என்ன செய்வது?

மேயர் கிர்ஷென்ப்ளாட் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1916ல் போலந்தின் ஒபாட்டூவ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அங்கிருந்த யூதர்கள் தங்கள் மொழியில் அதை ஆப்ட் என்பார்கள். 1934ல் கனடாவுக்குப் போய்விட்டார், டொரோண்டோவில் பெயின்ட் கடை வைத்திருந்தார். 1942 அக்டோபரில் ஒபாட்டூவின் யூதர்களை நாஜிகள் ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். அந்தச் சமூகமே இல்லாமல் போனது. மேயரின் மகள் பார்பரா, நாட்டார் வழக்காற்று ஆய்வாளர். 1967லிருந்தே அப்பாவிடம் அவருடைய ஊரைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தார். வரையுங்கள் அப்பா என்று குடும்பம் கெஞ்சிக்கொண்டே இருக்க, 1990ல், எழுபத்து மூன்று வயதில், ஒருவழியாகத் தூரிகையைக் கையில் எடுத்தார். எடுத்தவர் நிறுத்தவில்லை. 2007ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலும் 2009ல் நியூயார்க் யூத அருங்காட்சியகத்திலும் அந்த ஓவியங்கள் காட்சிக்கு வந்தன. 2009லேயே அவர் காலமானார்.

மன்யானியின் தெருவில் ஆளே இல்லை என்றேன். மேயரின் படங்களில் ஆள் இல்லாத மூலையே இல்லை. செருப்புத் தைப்பவர், தண்ணீர் சுமப்பவர், சந்தை நாள் கூட்டம், மீன் கடையில் ஒரு மீனைச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்ளும் பெண்மணி. வேலைகள் எப்படி நடந்தன என்பதில் அவருக்குத் தீராத ஆர்வம். எந்தக் கருவி எந்தக் கையில் இருக்கும் என்பதுவரை வரைந்தார். முறைப்படி பயிலாத கை, கோடு கொஞ்சம் வளைந்திருக்கும், ஆனால் எதிலும் மங்கல் கிடையாது.

அவர் வரைந்தவற்றில் 1892 வாக்கில் நடந்த ஒரு 'கறுப்புக் கல்யாணம்' உண்டு. காலரா பரவியபோது, நோய் நிற்க வேண்டும் என்று கல்லறைத் தோட்டத்தில் நடத்தப்பட்ட திருமணம். மேயர் பிறந்ததே 1916ல்! வீட்டில் சொல்லக் கேட்ட கதையை, தான் நின்று பார்த்த தெருவுக்கு இணையான உறுதியோடு வரைந்திருக்கிறார். நினைவுக்கும் கேள்விப்பட்டதற்கும் நடுவே கோடு போட அவர் மெனக்கெடவில்லை. நமக்கும் அப்படித்தானே? "நான் பார்த்திருக்கிறேன்" என்று சொல்லும் குடும்ப நிகழ்ச்சிகளில் எத்தனை, அம்மாவோ பாட்டியோ திரும்பத் திரும்பச் சொல்லி நம் கண்ணில் ஏற்றிவிட்டவை! வீட்டின் நினைவு ஒருவருடையதாக இருப்பதே அபூர்வம்.

இந்தப் படங்களுக்கு முன்னால் நின்று "நினைவு நம்பத்தகாதது" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால், அது அழித்தவர்களுக்குச் சாதகமான பேச்சாகிவிடும். சாட்சி இல்லாமல் ஆக்கப்பட்ட இடத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி இந்த நினைவு.

நம் மொழிக்குள்ளேயே இதற்கு நேரான வேலை ஒன்று நடந்திருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், போரில் இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அந்தக் கைவரைபடம் ஒரு தாள். அதைக் கட்டடக்கலை முறைப்படி நேர்செய்த வரைபடம் இன்னொரு தாள். அவர்கள் சொன்னதைக் கேட்டு சனாதனன் வரைந்த சித்திரம் மற்றொரு தாள். இவை 2011ல் கலைநூலாக வந்தன. ஆங்கிலத்தில் வைத்த பெயரை 'முழுமையற்ற தோம்பு' என்று சொல்லலாம். தோம்பு என்றால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. அரசாங்கத்தின் ஏடு எந்தக் காணி யாருக்கு என்று எழுதிவைத்தது. உறுதிப் பத்திரமும் வீடும் ஒன்றாகப் போன மக்களுக்கு, தாங்களே பேனா பிடித்து எழுதும் ஏடு இது.

அந்தக் கைவரைபடத்தையும் நேர்செய்த வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முறை, சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓவியமும் புகைப்படமும் பக்கத்தில் இருந்த அதே முறைதான். ஆனால் இங்கே ஒப்பிடுவதற்கு நிஜ வீடு இல்லை. நினைவை நினைவோடேதான் ஒப்பிட வேண்டியிருக்கிறது. கட்டடக்கலைஞரின் நேர்கோடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், என் கண் போவது நடுங்கும் கைவரைபடத்துக்குத்தான். ஒரு நிலக் கோரிக்கைக்கு எது உதவும் என்று கேட்டால் இரண்டாவது தாள் என்பேன். யார் அங்கே வாழ்ந்தது என்று கேட்டால் முதல் தாள்.

அப்படியானால் நினைவை எந்த அளவு நம்பலாம்? பட்டியல் போட முடியாது, ஆனால் ஆய்வுகளைப் படித்ததில் எனக்குள் ஒரு தெளிவு வந்திருக்கிறது. தினமும் நடந்து பழகிய இடத்தின் அமைப்பு, எதற்குப் பக்கத்தில் எது, எந்த வாசல் எங்கே திறக்கும் என்பதெல்லாம் ஆச்சரியமான அளவுக்கு நிற்கும். அளவுகள் நிற்காது. ஒரு தடவை மட்டும் நடந்த சம்பவத்தின் சில்லறை விவரங்கள், தேதி, யார் உடன் இருந்தார்கள், எது முதலில் நடந்தது என்பவை எளிதில் இடம் மாறும். பல தடவை நடந்தவை ஒன்றோடொன்று கலந்து ஒரே நிகழ்ச்சியாகிவிடும்: பத்து தீபாவளிகள் சேர்ந்து ஒரு தீபாவளி. உறுதியாக நினைவிருக்கிறது என்ற உணர்வு, அது சரியா தப்பா என்பதற்கு அளவுகோல் ஆகாது. ஓவியத்தைப் பார்க்கும்போதும் இதே கணக்கில் பாருங்கள். அமைப்பை நம்புங்கள், அளவைச் சந்தேகியுங்கள், சம்பவத்தை விசாரியுங்கள்.

கடைசியாக, உங்கள் தாத்தா வீடு.

வரைவதற்கு முன்னால் பழைய ஆல்பத்தைத் திறக்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். 2002ல் கிம்பர்லி வேட் என்ற உளவியலாளரும் மற்றவர்களும் செய்த சோதனை ஒன்று உண்டு. இருபது பேரின் சிறுவயதுப் புகைப்படங்களை எடுத்து, வெப்பக் காற்று பலூனில் அவர்கள் போகிற மாதிரி ஒட்டுவேலை செய்து காட்டினார்கள். யாரும் பலூனில் போனதே இல்லை. சில பேட்டிகள் முடிவதற்குள் அவர்களில் பாதிப்பேருக்கு அந்தப் பயணம், முழுதாகவோ ஓரளவோ, நினைவுக்கு வந்துவிட்டது. பொய்ப் படத்துக்கே இந்தச் சக்தி என்றால், உண்மைப் படம் உங்கள் சொந்த நினைவை எவ்வளவு சுலபமாக மூடிவிடும்! புகைப்படம் எங்கும் போகாது, வரைந்து முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தனியாக வரையுங்கள். அண்ணன், அக்கா, சித்தப்பா பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் தனித்தனியாக வரையச் சொல்லுங்கள், முதலிலேயே உட்கார்ந்து பேசிவிட வேண்டாம். பேசினால் யார் குரல் ஓங்குகிறதோ அவருடைய வீடுதான் எல்லோருக்கும் நினைவிருக்கும். எல்லாரும் வரைந்த பிறகு தாள்களைத் தரையில் பரப்பிப் பாருங்கள். ஒத்துப்போகிற இடங்கள் உங்களுக்கு வீட்டைக் கொடுக்கும். ஒத்துப்போகாத இடங்களில்தான் நிறையப் பேச்சு கிளம்பும். ஒருவர் படத்தில் சமையலறை பாதி வீட்டை அடைத்திருக்கும், இன்னொருவர் அதை வரையவே மறந்திருப்பார். யார் எங்கே வளர்ந்தார்கள், யாரை எங்கே விடவில்லை என்பதெல்லாம் அங்கே வெளியே வரும். சில வீடுகளில் அது சுகமான பேச்சாக இருக்காது, அதற்கும் தயாராக இருங்கள்.

அளவுகோலைத் தொட வேண்டாம். திண்ணை பெரிதாக வந்தால் பெரிதாகவே இருக்கட்டும். தெரியாத மூலையை ஊகித்து நிரப்பாமல் வெற்றாக விட்டுவிடுங்கள், பக்கத்தில் "தெரியவில்லை" என்று எழுதினாலும் நல்லது. கேள்விப்பட்டதை வேறு நிறத்தில் போடுங்கள். வரைந்த தேதியைத் தாளில் குறித்துவையுங்கள், ஏனென்றால் சில வருடம் கழித்து மறுபடி வரைந்தால் வேறு மாதிரி வரும், அப்போது இரண்டையும் வைத்துப் பார்க்கலாம். பிழையைக் கண்டுபிடித்தால் மூலத்தை அழிக்காமல் மேலே மெல்லிய தாளைப் போட்டு அதில் திருத்துங்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று குழப்பமாக இருந்தால், வாசலிலிருந்து தொடங்காதீர்கள். வாசல் விருந்தாளி வருகிற வழி, அங்கிருந்து தொடங்கினால் வீட்டைச் சுற்றிக்காட்டுகிற மாதிரியே வரைவீர்கள். நீங்கள் படுத்துத் தூங்கிய இடத்தை முதலில் போடுங்கள். விழித்ததும் எந்தச் சுவர் தெரிந்தது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, ராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்க எந்த வழியாகப் போனீர்கள் என்று அங்கிருந்து ஒவ்வொரு அறையாக விரித்துக்கொண்டு போங்கள்.